கட்டடக்கலையில் மூன்று வேலை: ஆர்க்கிடெக்ட், ஆசிரியர், வரலாற்று ஆய்வாளர். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்துவிட்டு யோசிப்பவர்கள், பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) படித்துக்கொண்டே கோயில் கோயிலாகச் சுற்றுபவர்கள், நாலைந்து வருடம் ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு ஆய்வுப் பக்கம் திரும்ப நினைப்பவர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. விதிகள் இந்தியாவுக்குப் பொருந்துபவை. கள விவரங்கள் தமிழ்நாட்டைச் சார்ந்தவை. தேர்வுக் கட்டணம், தேதி, மதிப்பெண் முறை எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு வேலை தனியாக இருக்கிறதா?

இல்லை. 'கட்டடக்கலை வரலாற்றாசிரியர் தேவை' என்று விளம்பரம் வருவது அபூர்வம். நடைமுறையில் மாதச் சம்பளம் கல்லூரியிலிருந்து வரும். பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் ஆலோசனை வேலையிலிருந்து இடையிடையே கொஞ்சம் வரும். ஆய்வுக்குப் பெரும்பாலும் கைக்காசுதான் போகும். இந்தக் கணக்கு ஒத்துவருமா என்று முதலிலேயே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

மூன்றையும் ஒரே வருடத்தில் தொடங்க முடியாது. சைட் (கட்டுமானம் நடக்கும் இடம்), வகுப்பறை, முனைவர் பட்டம் என்ற வரிசையில் போனவர்கள் சிரமமில்லாமல் போகிறார்கள். சைட்டைத் தாண்டிக் குதித்து நேரே ஆய்வுக்குப் போனவர்களுக்கு ஒரு சுவரைப் பார்த்து அது எப்படிக் கட்டப்பட்டது என்று சொல்வதில் தடுமாற்றம் இருக்கும். அது பிறகு எந்த நூலகத்திலும் தீராது.

இங்கே முன்னுதாரணம் உண்டா?

உண்டு. ஆங்கிலேய ஆர்க்கிடெக்ட் ராபர்ட் சிஷோம் 1860களில் சென்னை மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக செனட் ஹவுஸுக்கும் நடந்த வடிவமைப்புப் போட்டியில் வென்று வந்தவர். செனட் ஹவுஸ் 1874 முதல் 1879 வரை கட்டப்பட்டது. அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1877ல், சென்னை கலைத் தொழில் பள்ளியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதுதான். மதுரை திருமலை நாயக்கர் மகாலைச் சீரமைக்கும் பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு. கேரளத்து மரக்கூரைகளைப் படித்தவர் என்பது திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்தின் கூரையை நிமிர்ந்து பார்த்தாலே தெரியும்.

அவருக்கு முன்பே ராம் ராஸ் இருந்தார். தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் நீதிபதியாக இருந்தவர். சிற்ப சாஸ்திரச் சுவடிகளைத் தேடிப்பிடித்து, புரியாத சொற்களைக் கோயில் கட்டும் ஸ்தபதிகளிடம் கேட்டு எழுதினார். அவர் இறந்தபின் 1834ல் அந்த நூல் லண்டனில் அச்சானது. சுவடியையும் ஸ்தபதியையும் சேர்த்து வைத்துப் பார்த்த அந்த முறை இன்றும் பழசாகவில்லை.

இலங்கையில் மினெட் டி சில்வா. 1918ல் கண்டியில் பிறந்து, ஆர்க்கிடெக்ட்டாகச் சொந்தமாகத் தொழில் நடத்தி, 1970களில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை வரலாறு கற்பித்தவர்.

பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுக்க வேண்டும்?

கணிதமும் இயற்பியலும் கட்டாயம். வரலாற்றில் ஆர்வம் என்று கலைப்பிரிவு எடுத்துவிட்டால் பி.ஆர்க் கதவு மூடிவிடும். ஒவ்வொரு ஆண்டும் சிலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நுழைவுத் தேர்வு 'நாட்டா'. நடத்துவது, ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர். அண்மைய ஆண்டுகளின் முறைப்படி நேரில் வரையும் பகுதிக்கு 80 மதிப்பெண், கணினியில் எழுதும் பகுதிக்கு 120, மொத்தம் 200. தமிழ்நாட்டு அரசு கலந்தாய்வில் இந்த 200ஐயும் பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்கு மாற்றியதையும் கூட்டி 400க்குத் தரவரிசை போடுகிறார்கள். ஆகவே வரையத் தெரிந்தால் போதும் என்று பிளஸ் டூவைக் கோட்டை விடக் கூடாது.

பெயருக்கு முன் 'ஆர்க்கிடெக்ட்' என்று எப்போது போடலாம்?

ஐந்தாண்டு பி.ஆர்க் முடித்து, கவுன்சிலில் பதிவு செய்து, எண் வந்த பிறகு. 1972ஆம் ஆண்டு கட்டடக்கலைஞர்கள் சட்டத்தின் 37ஆம் பிரிவு அந்தப் பட்டப்பெயரைத்தான் காக்கிறது. வடிவமைப்பு வேலையை மற்றவர்கள் செய்வதை அது தடுக்கவில்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். கல்லூரி வேலையில் சேர்ந்தபின் இதை மறப்பவர்கள் அதிகம். கல்லூரியைத் தணிக்கை செய்ய ஆள் வரும்போதுதான் ஞாபகம் வரும்.

மாமல்லபுரம் கல்லூரியில் சேர்ந்தால் இதே பாதையில் போகலாமா?

மாமல்லபுரத்தில் உள்ள அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி ஸ்தபதி மரபைச் சொல்லித் தருகிறது. மனையடி, தாளமானம் (சிலைகளின் அளவு முறை), கல் உடைப்பது, உளி பிடிப்பது எல்லாம் அங்கேதான் முறையாகக் கற்க முடியும். ஆனால் அது வேறு தொழில், வேறு பட்டம். கவுன்சில் பதிவு வேண்டுமென்றால் சட்டத்தின் அட்டவணையில் உள்ள பட்டம் வேண்டும். பி.ஆர்க் படிப்பவர்கள் விடுமுறையில் ஒரு மாதம் சிற்பக்கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பது நல்ல வழி. சிற்றுளியால் கொத்திய கல்லுக்கும் இயந்திரம் அறுத்த கல்லுக்கும் உள்ள வேறுபாடு அங்கே கண்ணுக்குப் பழகிவிடும். பின்னாளில் ஒரு தூண் பழசா புதுசா என்று சொல்ல அதுதான் கைகொடுக்கும்.

பி.ஆர்க் படிக்கும்போதே வரலாற்று ஆய்வுக்கு எப்படித் தயாராவது?

மெஷர்ட் டிராயிங் (இருக்கும் கட்டடத்தை அளந்து வரைவது) பாடத்தை ஒழுங்காகச் செய்யுங்கள். பல கல்லூரிகளில் இது சுற்றுலா மாதிரி கழிந்துவிடுகிறது. ஐம்பது பேர் ஒரே கோயிலில் இறங்கி, இரண்டு நாள் படமெடுத்து, இணையத்தில் கிடைத்த ப்ளானைத் தடவி எடுத்துச் சமர்ப்பித்துவிடுகிறார்கள். ஆர்க்கிடெக்ட்டாக வரலாற்று ஆய்வுக்கு வருபவரிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரே கருவி அளந்து வரைவதுதான். கல்வெட்டாளருக்குக் கல்வெட்டு படிக்கத் தெரியும், வரலாற்றாசிரியருக்கு ஆவணம் தெரியும். கட்டடத்தையே சாட்சியாக நிறுத்தத் தெரிந்தவர் நீங்கள். அதில் கோட்டை விட்டால் மற்ற இரண்டிலும் இரண்டாமவர்தான்.

ஒரு பழைய மண்டபத்தை எப்படி அளப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

நான்கு பேர் போதும். இரண்டு பேர் டேப் பிடிக்க, ஒருவர் அளவை உரக்கச் சொல்ல, ஒருவர் எழுத. எழுதுபவர் கேட்ட எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'பதினைந்து', 'பதினெட்டு' இரண்டும் எதிரொலிக்கும் மண்டபத்தில் ஒன்றுபோலவே கேட்கும்.

எடுத்துப்போக வேண்டியவை: 30 மீட்டர் ஃபைபர் டேப், 5 மீட்டர் ஸ்டீல் டேப் இரண்டு, லேசர் மீட்டர், தூக்குக்குண்டு, ரசமட்டம், நீர் நிரப்பிய 10 மீட்டர் டியூப் லெவல், கார்னிஸ் (சுவரிலிருந்து நீட்டிய விளிம்பு) வளைவைப் படியெடுக்கும் சீப்புக் கருவி, ஏ3 பலகை, கிராஃப் தாள். கல்லில் சாக்பீஸ்கூட வேண்டாம், பென்சில் வேண்டவே வேண்டாம்.

முதல் அரை நாள் டேப்பைத் தொடாதீர்கள். மண்டபத்தை நடந்து பார்த்து, கையால் ப்ளான் போட்டு, தூண்களுக்கு எண் கொடுங்கள். கிழக்கு மேற்காக அ, ஆ, இ. தெற்கு வடக்காக 1, 2, 3. 'இ4' என்றால் எல்லோருக்கும் ஒரே தூண்தான் என்றாக வேண்டும். படங்களுக்கும் அதே எண்.

அடுத்து மட்டக்கோடு. டியூப் லெவல் வைத்து எல்லாத் தூண்களிலும் ஒரே மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், எளிதில் உரியும் காகிதத்துண்டு ஒட்டினால் போதும். தரை எங்கேயும் மட்டமாக இருக்காது. தரையிலிருந்து உயரம் எடுத்தால், கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படமான செக்‌ஷன் கோணலாகும். மட்டக்கோட்டிலிருந்து மேலும் கீழும் எடுங்கள்.

நீள அளவுகளைத் தொடர் அளவாக எடுங்கள். அதாவது, டேப்பின் பூஜ்யத்தை ஒரு முனையில் பிடித்துக்கொண்டு, நகர்த்தாமல், ஒவ்வொரு தூணின் விளிம்பையும் அதே டேப்பில் படித்துக்கொண்டே போவது. இடைவெளி இடைவெளியாக அளந்தால் ஒவ்வொன்றிலும் 5 மில்லிமீட்டர் பிசகினாலே, பிசகெல்லாம் ஒரே பக்கம் விழும்போது 20 இடைவெளியில் 10 சென்டிமீட்டர் சேர்ந்துவிடும். தொடர் அளவில் பிசகு அந்தந்த இடத்தோடு நிற்கும்.

பிறகு மூலைவிட்டம். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஓர் அறை 6 மீட்டர், 8 மீட்டர் என்று வந்தால் மூலைவிட்டம் 10 மீட்டர் இருக்க வேண்டும். ஒன்று 10.06, இன்னொன்று 9.94 என்று வந்தால் அறையின் மூலைகள் செங்கோணமாக இல்லை. மூலை ஏறக்குறைய 90.7 பாகை, 8 மீட்டர் சுவரின் மறுமுனை 10 சென்டிமீட்டர் தள்ளிப்போயிருக்கிறது. நான்கு பக்கத்தை மட்டும் அளந்தவர் இதைச் செங்கோணமாகவே வரைந்துவிடுவார். அந்தக் கோணல் முக்கியமான தடயமாகக்கூட இருக்கலாம். ஏற்கெனவே நின்ற கருவறையோடு பிற்காலத்தில் மண்டபத்தை ஒட்டவைத்த இடங்களில் இப்படித்தான் தெரியவரும்.

அளவு கூட்டினால் பொருந்தவில்லை. எங்கே தவறு?

அநேகமாக அதிட்டானத்தில். கோயில் அடித்தளம் கீழே அகலமாகவும் மேலே போகப்போக உள்வாங்கியும் இருக்கும். கீழிருந்து மேலாக: உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை. மொத்த நீளத்தை உபானத்தின் விளிம்பில் அளந்துவிட்டு, கோஷ்டங்களின் (சுவர் மாடங்களின்) இடைவெளியைச் சுவரில் அளந்தால் இரண்டும் எப்படிப் பொருந்தும்? ஒவ்வொரு அளவின் பக்கத்திலும் எந்த உறுப்பில் டேப் வைத்தோம் என்று எழுதுங்கள்.

இன்னொரு காரணம் புதைந்த அடித்தளம். பல கோயில்களில் தரை கல் பாவிக் கல் பாவி உயர்ந்திருக்கும். உபானம் முழுக்கவும் ஜகதி பாதியும் உள்ளே போயிருக்கும். தெரிகிற உயரத்தை வைத்து விகிதாசாரம் கணக்குப் போட்டால் சாஸ்திரத்தோடு ஒருபோதும் ஒத்துவராது. மழைநீர்க் கால்வாய், கருவறை நீர் வெளியேறும் கோமுகைக்குக் கீழே உள்ள பள்ளம், தரை உடைந்த மூலை ஆகிய இடங்களில் எட்டிப் பாருங்கள், உண்மையான அடிமட்டம் எங்காவது தெரியும்.

எந்த அளவுக்குத் துல்லியம் வேண்டும் என்பதை வரையும் ஸ்கேல் முடிவு செய்யட்டும். 1:100 ப்ளானில் கால் மில்லிமீட்டர் கோடே 25 மில்லிமீட்டரை விழுங்கும். அதற்கு ஒவ்வொரு தூணையும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து நேரத்தைக் கொட்ட வேண்டாம். 1:20க்கு 5 மில்லிமீட்டர், அதிட்டானத்தின் பக்கத்தோற்றத்துக்கு 1:5ம் சீப்புக் கருவியும்.

3டி ஸ்கேனர் இருக்கும்போது டேப் எதற்கு?

ஸ்கேனர் வேகமானது, சந்தேகமில்லை. படங்களைக் கோத்து மாடல் செய்யும் முறையும் நன்றாகவே வேலை செய்யும், அடுத்தடுத்த படங்கள் 60 முதல் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று வந்தால். ஆனால் சுண்ணாம்பு பூசிய தூணின் பூச்சைத்தான் ஸ்கேனர் அளக்கும். அதன் கீழே கல் எங்கே முடிகிறது, இணைப்பு எங்கே, எந்தக் கல் பின்னால் செருகியது என்று பார்க்கக் கையும் கண்ணும் கிட்டே போக வேண்டும். ஆறு மணி நேரம் ஒரே சுவரை வரைபவர் பார்ப்பதை, ஆறு நிமிடத்தில் ஸ்கேன் செய்தவர் பார்ப்பதில்லை.

லேசர் மீட்டருக்கு ஒரு குறிப்பு: நண்பகல் வெயிலில் சிவப்புப் புள்ளி தெரியாது. மறுமுனையில் ஒருவர் வெள்ளை அட்டை பிடித்து நிற்க வேண்டும். வழுவழுப்பான கருங்கல்லில் சாய்வாக அடித்தால் எண் தாறுமாறாக வரும்.

கட்டடத்தின் காலத்தை எப்படிச் சொல்வது?

ஒரே சான்றை வைத்துச் சொல்லக் கூடாது. அமைப்பு, கல்வெட்டு, கட்டுமான முறை மூன்றும் தனித்தனியாக என்ன சொல்கின்றன என்று எழுதி வைத்துவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள்.

அமைப்பில் எளிதாகத் தொடங்க ஏற்ற இடம் போதிகை. தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே கை நீட்டி நிற்கும் உறுப்பு. பல்லவர் காலத்தில் வளைந்த முகத்தில் அலை அலையாக உருளைகள், நடுவே ஒரு பட்டை. அது தரங்கப் போதிகை. சோழர் காலம் நடுவே வரும்போது வளைவு போய் கோணமாக வெட்டி, நடுவில் ஒரு நாக்கு நீட்டியிருக்கும். அது வெட்டுப் போதிகை. அந்த நாக்கு பிற்காலத்தில் மலர்ந்து, விஜயநகர, நாயக்கர் காலத்தில் தலைகீழாகத் தொங்கும் மொட்டாகிவிடும். அது புஷ்பப் போதிகை. ஒரே கோயிலில் கருவறையிலிருந்து வெளிக் கோபுரம் வரை நடந்தால் இவற்றில் இரண்டு மூன்றைப் பார்த்துவிடலாம்.

அமைப்பு ஏமாற்றும் இடமும் உண்டு. பழைய தூணைப் புதிய மண்டபத்தில் நிறுத்தியிருப்பார்கள். பழைய பாணியிலேயே புதிதாகச் செதுக்கியும் இருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் திருப்பணியில் எத்தனையோ பாடல் பெற்ற தலங்கள் கருங்கல்லில் புதிதாக எழும்பின. அங்கே தேவாரக் காலத்துக் கட்டடத்தைத் தேடி என்ன பயன்? தலம் பழசு, கல் புதுசு.

கல்வெட்டு இருந்தால் காலம் உறுதிதானே?

கல்வெட்டில் சொன்ன செய்தியின் காலம் உறுதி. சுவரின் காலம் உறுதியல்ல. செங்கல் கோயில்களைக் கற்றளியாக (கல் கோயிலாக) மாற்றிய சோழ அரசி செம்பியன் மாதேவி, பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டச் செய்தார். திருக்கோடிக்காவலில் அப்படி வெட்டியவற்றில் 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று குறிப்பே இருக்கிறது. அந்த வரியைக் கவனிக்காமல் மேலே உள்ள பல்லவ மன்னனின் பெயரை மட்டும் படித்தால் சோழர் சுவரைப் பல்லவர் சுவர் என்று எழுதிவிடுவோம். எழுத்தமைதியை (எழுத்தின் வடிவத்தை) பாருங்கள், கல் இணைப்பைத் தாண்டி வரி தொடர்கிறதா, நடுவே அறுந்து வேறு வரி வருகிறதா பாருங்கள். அறுந்திருந்தால் கற்களைக் கழற்றி மாற்றி அடுக்கியிருக்கிறார்கள்.

'கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு 7ஆவது' என்று மட்டும் இருந்தால் எந்தச் சோழன் என்று அதைக்கொண்டு சொல்ல முடியாது. ராஜகேசரியும் பரகேசரியும் மாறி மாறி வந்த பட்டங்கள். மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் மன்னன் புகழுரை), அதிகாரி பெயர், எழுத்தமைதி என்று வேறு துணை வேண்டும்.

நன்றாகத் தேதி தெரிந்த இடத்திலும் அது எதற்கான தேதி என்று கேளுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள் விமானத்துக்கு ஸ்தூபிக் குடம் கொடுத்த செய்தி இருக்கிறது. அது 1010. விமானம் உச்சியை எட்டிய காலம் அதனால் தெரிகிறது. வேலை என்று தொடங்கியது, சுற்றுமாளிகை என்று முடிந்தது என்பதை அந்த வரி சொல்லவில்லை.

சிற்ப சாஸ்திரத்தில் சொன்ன அளவோடு கட்டடம் ஒத்துப்போக வேண்டாமா?

ஒத்துப்போனால் மகிழ்ச்சி, வற்புறுத்தாதீர்கள். மயமதம், மானசாரம் போன்ற சிற்ப நூல்கள் பல விகிதங்களைத் தருகின்றன. விரல், முழம், கோல் ஆகியவையும் இடத்துக்கு இடம் வேறு. அளவுகோலையும் விகிதத்தையும் நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போனால் எந்தக் கட்டடத்தையும் எந்தச் சூத்திரத்திலும் அடைத்துவிடலாம். ஆய்வேடுகளில் அதிகம் அடிவாங்கும் அத்தியாயம் இதுதான். ஒரே கோயிலில் குறைந்தது பத்து இடத்தில் திரும்பத் திரும்ப வரும் அளவைக் கண்டுபிடித்த பிறகு அலகைப் பற்றிப் பேசுங்கள்.

வரலாறு எழுத சைட் அனுபவம் எதற்கு?

சென்னையின் பழைய வீடுகளில் உள்ள மெட்ராஸ் டெரஸ் கூரையை எடுத்துக்கொள்வோம். தேக்கு ஜாயிஸ்ட்களின் (குறுக்கு மரங்களின்) மேல் சின்னச் செங்கற்களை நெட்டக்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்புக் கான்கிரீட் அடித்துக் கெட்டித்து, அதன்மேல் தட்டோடு பதித்து முடிப்பார்கள். பல வீடுகளில் இது ஏன் தொய்கிறது? தட்டோட்டின் இணைப்பில் விரிசல் விட்டு, நீர் இறங்கி, சுவருக்குள் செருகிய ஜாயிஸ்ட்டின் முனை உளுத்துப்போகிறது. ஒழுக்கை நிறுத்த யாரோ 5 சென்டிமீட்டர் சிமென்ட் பூச்சு போடுவார். ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் பாரம் ஏறிவிடும். நீரும் உள்ளேயே அடைபடும். ஐந்து வருடத்தில் கூரை வயிறு தள்ளும்.

சுவரிலும் இதே கதை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவருக்கு சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உப்பு பூத்துச் செங்கல் உதிரும். ஒரு தடவையாவது பூச்சைக் கொத்திப் பார்த்தவருக்கு, எந்த அடுக்கு எப்போது ஏறியது என்று வரிசைப்படுத்தத் தெரியும். ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும் பழுதுபார்ப்புக் கணக்குகளும் அப்போதுதான் அவருக்குப் புரியும். குறைந்தது இரண்டு வருடம், முடிந்தால் சுண்ணாம்பு வேலை நடக்கும் சைட்டில்.

கற்பிக்கும் வேலைக்கு என்ன தகுதி, என்ன சம்பளம்?

உதவிப் பேராசிரியருக்கு பி.ஆர்க், எம்.ஆர்க் இரண்டும் எதிர்பார்க்கிறார்கள். கவுன்சில் பதிவும் கேட்பார்கள். யு.ஜி.சி ஊதிய விகிதத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். தனியார் கல்லூரிகளில் அதை அப்படியே எதிர்பார்த்துப் போக வேண்டாம். யு.ஜி.சி நெட் தேர்வில் கட்டடக்கலைக்குத் தனிப்பாடம் இல்லை. இத்துறைக்கு கேட் தேர்வில் உள்ள ஆர்க்கிடெக்சர் தாள்தான். அந்த மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும்.

எம்.ஆர்க்கில் எந்தப் பிரிவு என்றால், கட்டடப் பாதுகாப்புப் பிரிவு இந்தப் பாதைக்கு நேராக வரும். டெல்லி, போபால் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளிலும் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்திலும் உண்டு. பொதுப் பிரிவில் படித்து ஆய்வேட்டை வரலாற்றில் எழுதினாலும் கெட்டுப்போகாது.

வேலையில் சேர்ந்ததும் வரலாற்றுப் பாடம் கையில் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். முதல் சில வருடம் டிசைன் ஸ்டுடியோதான். வாரத்தில் மூன்று நாள் பிற்பகல் முழுக்க அது சாப்பிட்டுவிடும். மாணவர்களின் டிசைனை மதிப்பிடும் ஜூரி வாரத்தில் ஆய்வு என்ற பேச்சே கிடையாது. முழுநேர ஆசிரியராக இருந்துகொண்டு வெளி வேலை எடுப்பதென்றால் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி அனுமதி கொடுத்த முதல்வர் மாறிப்போவார்.

வரலாற்றுப் பாடத்தை எப்படி நடத்துவது? மாணவர்கள் தூங்குகிறார்கள்.

ஸ்லைடை நிறுத்திவிட்டு வரையச் சொல்லுங்கள். எகிப்து முதல் எலோரா வரை ஒரே பருவத்தில் ஓட்டும் பாடத்திட்டத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் ஒரு வாரத்துக்கு ஒரே கட்டடம், அதன் ஒரே செக்‌ஷன், கையால், பாரம் எப்படி இறங்குகிறது என்று அம்புக்குறி போட்டு வரைய வைக்கலாம். உத்திரம் வைத்துக் கட்டும் கல் மண்டபத்தில் தூண்கள் ஏன் நெருங்கி நிற்கின்றன என்று கேட்டால், கல் இழுவிசை தாங்காது என்பதை மாணவர்களே சொல்வார்கள். அதற்குப் பிறகு கமானையும் குவிமாடத்தையும் நடத்தினால் யாரும் தூங்குவதில்லை.

முனைவர் பட்டத் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சிறியதாக. 'சோழர் கோயில் கட்டடக்கலை' என்பது தலைப்பாகாது, அது ஓர் ஆயுள் வேலை. 'ஓர் ஆற்றங்கரையில், ஒரு நூற்றாண்டில், பதினைந்து கோயில்களின் அதிட்டானம்' என்றால் முடிக்கலாம். யு.ஜி.சியின் 2022 விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, கூடியது 6 ஆண்டு, குறைந்தது 12 கிரெடிட் பாடநெறி. பகுதிநேரமாகச் செய்பவர்களுக்குப் பாடநெறியும் பதிவும் போக மூன்றரை ஆண்டுதான் உண்மையில் மிஞ்சும். ஒரு கோயிலுக்குக் களத்தில் மூன்று நாள், மேசையில் பத்து நாள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பதினைந்து கோயிலுக்கு 195 நாள். வார இறுதியில் மட்டும் செய்தால் ஏறக்குறைய இரண்டு வருடம்.

வேலை நின்றுபோவதற்குப் பெரிய காரணம் அனுமதி. தலைப்பு பதிவாகும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.

அனுமதி யாரிடம் வாங்குவது?

மத்தியத் தொல்லியல் துறையின் சின்னமென்றால் அதன் வட்டார அலுவலகத்தில். ட்ரைபாட் வைத்துப் படமெடுக்கத் தனி அனுமதி வேண்டும், ட்ரோனுக்கு அதற்கும் மேல். மாநிலப் பாதுகாப்புச் சின்னமென்றால் மாநிலத் தொல்லியல் துறை. இரண்டிலும் சேராமல் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் செயல் அலுவலர் வழியாக இணை ஆணையருக்கு. ஒரே கோயிலில் கட்டடம் தொல்லியல் துறையிடமும் பூஜை அறநிலையத் துறையிடமும் இருந்தால் இரண்டு கடிதம்.

கருவறை, அர்த்தமண்டபத்தில் படம் எடுக்க விடமாட்டார்கள். 2022 டிசம்பரில் வந்த உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் கைப்பேசியும் வாசலிலேயே நின்றுவிடும். அளவுகளைக் கைப்பேசிச் செயலியில் குறிக்கும் பழக்கம் உள்ளவர்கள் தாளுக்கு மாறிக்கொள்ளுங்கள். அர்ச்சகரிடமும் மெய்க்காவலரிடமும் முதல் நாளே என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். கடிதம் திறக்காத கதவை அவர்கள் திறப்பார்கள்.

எந்த மொழிகள் தெரிய வேண்டும்?

கல்வெட்டுத் தமிழும் கிரந்த எழுத்தும் அடையாளம் காணும் அளவுக்காவது. தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தும் பயிற்சிகளைக் கவனியுங்கள். காலனிக் காலக் கட்டடமென்றால் ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்கும் பொறுமை, தஞ்சை மராத்தியர் ஆவணமென்றால் மராத்தியின் பழைய கையெழுத்து முறையான மோடி எழுத்து படிக்கத் தெரிந்த ஒருவரின் துணை.

ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பொதுப்பணித் துறைக் கோப்புகள் உண்டு. முதல் இரண்டு நாளும் அட்டவணைப் புத்தகங்களிலேயே போகும், அதைக் கணக்கில் வையுங்கள். கல்வெட்டுகளுக்கு 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளும் ஆண்டறிக்கைகளும். ஆண்டறிக்கையில் சுருக்கம்தான் இருக்கும். முழுப் பாடம் இன்னும் அச்சாகாதவை ஏராளம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் கோயில் படத்தொகுப்பு தவறவிடக் கூடாதது. திருப்பணியில் காணாமல் போன தூண், மணலை வீசிச் சுத்தம் செய்ததில் அழிந்த உளித்தடம், வண்ணம் பூசும் முன் இருந்த சுதை எல்லாம் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். களத்துக்குப் போகும் முன் அதைப் பார்த்துவிட்டுப் போனால் எதைத் தேடுவது என்று தெரியும்.

முதல் கட்டுரையை எதில் தொடங்கலாம்?

உங்கள் ஊர்ப்பக்கம் இருக்கும், யாரும் வரையாத ஒரு சின்னக் கட்டடத்தில். ஒரு சுமைதாங்கி, ஒரு சத்திரம், நான்கு தூண் மண்டபம். 1:50 ப்ளான், இரண்டு செக்‌ஷன், 1:5ல் ஒரு போதிகை, எட்டுப் படம், 1,500 சொல். அனுப்புவதற்கு முன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி ஒரு நாள் அங்கே போய், ஏற்கெனவே அளந்த ஐந்து அளவை மட்டும் திரும்ப எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கு மேல் பொருந்தவில்லையென்றால் முழுவதையும் மறுபடி அளக்க வேண்டியதுதான். வடக்குக் குறியும் ஸ்கேல் பட்டையும் போட்டிருக்கிறீர்களா என்று கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் கட்டுரைகளில் பாதி இதற்காகவே வருகின்றனவோ என்று தோன்றும்.